ஆவியாகி எங்கே போகிறது?

சீனாவின் ஸூஜோ நகரில் கைபேசிகளுக்குத் தொடுதிரை தயாரிக்கும் ஆலை ஒன்று. திரை வெளியே போகும் முன் அதை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஆல்கஹால் உலரச் சற்று நேரம் பிடிக்கும். அதைவிடச் சீக்கிரம் உலரக்கூடிய, கறை விடாத இன்னொரு திரவம் இருப்பது தெரியவந்ததும் நிர்வாகம் அதற்கு மாறியது. துடைக்கும் வேகம் கூடியது. 2009-ல் அந்த ஆலையின் இளம் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தார்கள். கை விரல்கள் மரத்துப்போயின. படி ஏறும்போது கால் துவண்டது. சட்டைப் பொத்தானைப் போடுவதே பெரிய வேலையாகிவிட்டது. திரைகளை வாங்கிய ஆப்பிள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை: 137 பேர்.

அந்தத் திரவத்தின் பெயர் ஹெக்ஸேன். தொலைதூரத்து விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியச் சமையலறைகளுக்கும் அதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. தவிட்டு எண்ணெய், சோயா எண்ணெய், குழம்பில் போடும் மீல்மேக்கர் எல்லாம் ஏதோ ஒரு கட்டத்தில் ஹெக்ஸேனில் குளித்து எழுந்தவைதான். அதனால்தான் சில ஆண்டுகளாக 'உங்கள் எண்ணெயில் பெட்ரோலியம் இருக்கிறது' என்ற எச்சரிக்கை கைபேசிக்குக் கைபேசி பரவுகிறது. மரச்செக்கு எண்ணெய் விற்பவர்களுக்கு நல்ல விளம்பரமாகவும் ஆகியிருக்கிறது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஹெக்ஸேன் பிறப்பது கச்சா எண்ணெயில். சென்னையை அடுத்த மணலி சுத்திகரிப்பு ஆலையின் விற்பனைப் பட்டியலில் பெட்ரோல், டீசல், தார், மெழுகு ஆகியவற்றோடு இதுவும் உண்டு. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஆல்கேன் குடும்பத்தில் இது ஆறாவது பிள்ளை: ஆறு கார்பன் அணுக்கள், பதினான்கு ஹைட்ரஜன் அணுக்கள். மூத்தவன் மீத்தேன், சாண எரிவாயுவில் இருப்பது. மூன்றாவதும் நான்காவதும் சமையல் சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும். ஐந்தாவதிலிருந்து திரவங்கள். சங்கிலி 18 கார்பனைத் தாண்டினால் மெழுகு.

இந்தத் திரவங்களுக்குள் ஹெக்ஸேனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி? கொதிநிலைதான் காரணம். ஐந்து கார்பன் பென்ட்டேன் 36 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நாக்பூரின் மே மாத வெயிலில் அடுப்பே வேண்டாம். ஏழு கார்பன் ஹெப்டேனைக் கொதிக்க வைக்க 98 டிகிரி வேண்டும், ஆக்டேனுக்கு 126. ஹெக்ஸேன் கொதிப்பது 69 டிகிரியில். வெளியே வைத்தால் திரவமாக நிற்கும், லேசாகச் சூடு காட்டினால் எழுந்து போய்விடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இதற்குப் போதும். அதாவது நீராவிச் செலவு குறைவு.

மற்ற குணங்களும் வியாபாரத்துக்கென்றே அமைந்தவை. நிறமில்லை. லேசான பெட்ரோல் வாடை. ஒரு லிட்டரின் எடை 660 கிராம்தான், எனவே தண்ணீரில் மிதக்கும். அதோடு சேரவே சேராது. ஆனால் எண்ணெயையும் கொழுப்பையும் கண்டால் எந்த அளவிலும் கலந்துவிடும். தண்ணீரைவிட மூன்று மடங்கு எளிதாக ஓடும், எந்தச் சந்துக்குள்ளும் புகும். 95 டிகிரி மைனஸ் வரை உறையாது. எளிதில் வேறு எதனோடும் வினைபுரியாது. உள்ளே நுழைந்து, எண்ணெயை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சூடு காட்டினால் எண்ணெயைக் கீழே விட்டுவிட்டுத் தான் மட்டும் கிளம்பிப் போகும் வேலையாள். இப்படி ஒருவரைத்தான் எண்ணெய் ஆலைகள் தேடிக்கொண்டிருந்தன.

செக்கோ, எக்ஸ்பெல்லரோ எவ்வளவு நசுக்கினாலும் புண்ணாக்கில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு எண்ணெய் தங்கிவிடும். நிலக்கடலையில், எள்ளில் இது பெரிய நஷ்டமில்லை. கொட்டையில் பாதி எண்ணெய். சோயாவில் இருப்பதோ நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு. அதில் ஆறு போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அரிசித் தவிட்டின் பாடு இன்னும் மோசம். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு எண்ணெய்தான், ஆனால் மாவு மாதிரி இருக்கும் தவிட்டைச் செக்கில் போட்டு ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, நெல் அரைபட்ட கணத்திலிருந்து தவிட்டில் உள்ள ஒரு என்ஸைம் எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடுகிறது. சில மணி நேரத்தில் சூடுபடுத்தி அதை முடக்காவிட்டால் எண்ணெய் சோப்புக்குத்தான் லாயக்கு.

எனவே தவிட்டை வேகவைத்துக் குருணையாகத் திரட்டி, நகரும் படுகையில் பரப்பி, அதன் மேல் ஹெக்ஸேனை மழையாகப் பொழிகிறார்கள். கீழே வடிவது எண்ணெயும் ஹெக்ஸேனும் கலந்த பொன்னிறக் கரைசல். அதைச் சூடாக்கினால் ஹெக்ஸேன் ஆவியாகிக் குளிர்கலனுக்குப் போய்த் திரும்பவும் திரவமாகி அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. தவிட்டில் தங்குவது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான எண்ணெய். சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டிய எண்ணெய் இப்படிக் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. உலகிலேயே அதிகமாகத் தவிட்டு எண்ணெய் எடுக்கும் நாடு இந்தியாதான். ஹெக்ஸேன் இல்லாவிட்டால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது.

இந்த வேலைக்கு முதலில் வந்தது ஹெக்ஸேன் அல்ல. 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் கார்பன் டைசல்ஃபைடைப் பயன்படுத்தினார்கள். அது நரம்பையும் மூளையையும் கெடுக்கும் விஷம், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். தீப்பிடிக்காத கரைப்பானாக டிரைகுளோரோஎத்திலீன் வந்தது. அதில் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன, ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும், பிறகு 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும். எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் ஹெக்ஸேன் பரம சாது. அது ஜெயித்ததற்கு இந்த ஒப்பீடும் ஒரு காரணம்.

சரி, எண்ணெயில் எவ்வளவு தங்குகிறது? இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பது ஒரு கிலோ எண்ணெய்க்கு அதிகபட்சம் 5 மில்லிகிராம். ஐரோப்பாவில் 1 மில்லிகிராம்தான். கொழுப்பு நீக்கிய சோயாப் பொருட்களுக்கு 30 வரை அனுமதி. வாடை நீக்கும் கடைசிக் கட்டத்தில் எண்ணெயை வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி செலுத்துகிறார்கள். 69 டிகிரியில் கொதிப்பதற்கு அங்கே தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு சொற்பம். இருந்தும், பழைய பாதுகாப்பு மதிப்பீடு இன்றைக்குப் போதாது, மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். எச்சம் குறைவாக இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தினம் 30 கிராம் எண்ணெய் சாப்பிடுகிறார், அதில் சட்டம் அனுமதிக்கும் முழு அளவு ஹெக்ஸேன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 0.15 மில்லிகிராம். இன்னொருவர், தொழில் சுகாதார நிபுணர்கள் பாதுகாப்பானது என்று வகுத்திருக்கும் எல்லையில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு ஹெக்ஸேன் கலந்த இடத்தில், எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறார். அவர் இழுக்கும் மூச்சோடு உள்ளே போவது 1,700 மில்லிகிராமுக்கு மேல். அதில் பெரும்பகுதி வெளிமூச்சில் திரும்பிவிடும் என்றாலும் ரத்தத்தில் கலப்பது சில நூறு மில்லிகிராம். பாதுகாப்பான எல்லைக்குள் இருப்பவர் கதை இது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள்தான் பிரச்சினை.

எண்ணெயிலிருந்து விரட்டப்பட்ட ஹெக்ஸேன் எங்கே போகிறது? பெரும்பகுதி குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. ஆனால் டன்னுக்குச் சில லிட்டர் காற்றில் போவதை எந்த ஆலையாலும் முழுக்கத் தடுக்க முடிவதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாது. தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும், சாக்கடையைக் கண்டால் இறங்கும். மைனஸ் 22 டிகிரி குளிரில்கூடத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழுப்பும். காற்றில் நூற்றுக்கு 1.1 பங்கு கலந்தால் போதும், வெடிக்கும். பொறி வெளியிலிருந்து வர வேண்டும் என்பதுகூட இல்லை. ஹெக்ஸேன் மின்சாரத்தைக் கடத்தாது. குழாயில் வேகமாக ஓடும்போது உரசலில் நிலைமின்னூட்டம் சேர்ந்து தானே பொறி தட்டும். சால்வென்ட் ஆலைகளில் குழாய்களைப் பூமியோடு இணைத்திருப்பதும், வாசலிலேயே தீப்பெட்டியையும் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

அமெரிக்காவின் லூயிவில் நகரம் இந்தப் பாடத்தை 1981 பிப்ரவரி 13 அன்று விடியற்காலையில் படித்தது. அங்கே ஒரு சோயா ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கான லிட்டர் ஹெக்ஸேன் பாதாளச் சாக்கடைக்குள் போயிருந்தது. வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் வந்தபோது வண்டியின் பொறி ஆவியைத் தொட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் தெருக்கள் வரிசையாக வெடித்துத் திறந்தன. சாக்கடை மூடிகள் வானில் பறந்தன. விடியற்காலையாக இருந்ததால் காயம்பட்டவர்கள் நான்கே பேர், ஒருவரும் சாகவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

நெருப்பு கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும். எனவே அதற்குச் சட்டங்கள் இருக்கின்றன, உரிமங்கள் இருக்கின்றன, வெடிபொருள் துறையின் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஹெக்ஸேனின் இன்னொரு முகத்துக்குச் சத்தம் கிடையாது.

அதை உலகம் முதலில் விரிவாகக் கண்டது ஜப்பானில். அங்கே வீடுகளில் உட்கார்ந்து செருப்பு ஒட்டும் பெண்கள் பயன்படுத்திய ரப்பர் பசையில் பென்ஸீன் இருந்தது. அது ரத்தத்தைக் கெடுத்துச் சாவுகள் நேர்ந்ததால் 1959-ல் அந்தப் பசையைத் தடை செய்தார்கள். பசை தயாரிப்பாளர்கள் பென்ஸீனுக்குப் பதில் ஹெக்ஸேனைக் கலந்தார்கள். சில ஆண்டுகளில் வேறு விதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ரத்தம் நன்றாக இருந்தது, பாதம் மரத்திருந்தது. பிறகு கெண்டைக்கால், பிறகு கை. மியே மாகாணத்தில் 1968-ல் நடத்திய பரிசோதனையில் மட்டும் 93 பேர். இத்தாலியின் தோல் பட்டறைகளிலும் இதே வரிசை: பென்ஸீனுக்குத் தடை, ஹெக்ஸேன் வருகை, நடை தள்ளாட்டம்.

வேறு எதனோடும் சுலபத்தில் சேராத ஹெக்ஸேன் நரம்பை எப்படித் தாக்குகிறது? அது தாக்குவதில்லை. உடம்புதான் அதை ஆயுதமாக மாற்றிக்கொடுக்கிறது. தண்ணீரில் கரையாத பொருளை வெளியேற்ற முடியாமல் கல்லீரல் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. ஆறு கார்பன் சங்கிலியின் இரண்டாவது இடத்திலும் ஐந்தாவது இடத்திலும் ஆக்சிஜன் ஏறி, 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருள் உருவாகிறது. இரண்டு ஆக்சிஜன் முனைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் விஷயமே. நரம்பு இழைக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்கும் புரதங்களின் அமினோ முனைகளை இடுக்கி மாதிரி பிடிப்பதற்கு அது அச்சு அசலாகப் பொருந்துகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழை வீங்குகிறது, போக்குவரத்து தடைபடுகிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை நீளும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. சப்ளை அறுந்தால் கடைசி வீடுதான் முதலில் பட்டினி. பாதம் முதலில் மரத்துப்போவது அதனால்தான்.

முனைகள் ஓரிடம் தள்ளி இருந்தால் இந்த இடுக்கி வேலை நடக்காது. பக்கத்து வீட்டுப் பென்ட்டேனும் ஹெப்டேனும் இதே வாடை, இதே குணம் கொண்டவை, ஆனால் நரம்பு விஷயத்தில் பெரும்பாலும் நிரபராதிகள். ஹெக்ஸேனிலேயே சங்கிலி நேராக இல்லாமல் கிளைத்திருக்கும் வகைகளும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் ஹெக்ஸேன் இந்த வகைகளின் கலவை. அதில் நேர்ச்சங்கிலியான நார்மல் ஹெக்ஸேன்தான் குற்றவாளி. இது உறுதியானதற்கு அமெரிக்காவின் ஒஹையோவில் 1973-ல் நடந்த ஒரு சம்பவம் உதவியது. துணிக்குப் பிளாஸ்டிக் பூச்சு போட்டு அச்சடிக்கும் ஆலை ஒன்றில் கரைப்பானை மாற்றினார்கள். 80-க்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்பு நோய். அது ஹெக்ஸேன் அல்ல, ஒரு கீட்டோன். ஆனால் உடம்புக்குள் போனதும் அதுவும் மாறியது அதே 2,5-ஹெக்ஸேன்டையோனாகத்தான்.

இனி வாடை. எரிவாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடுகிறது. ஹெக்ஸேனில் மூக்கை நம்ப முடியாது. பத்து லட்சத்தில் சுமார் 130 பங்கு சேர்ந்த பிறகுதான் பலருக்கும் வாடையே தெரிகிறது. பாதுகாப்பு எல்லையோ 50. அதாவது வாடை வந்துவிட்டால் எல்லை ஏற்கனவே தாண்டிவிட்டது. (அமெரிக்காவில் தொழில் சுகாதார நிபுணர்கள் வகுத்த எல்லை 50 என்றாலும், மத்தியச் சட்டத்தின் எல்லை இன்றும் 500. பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் முன்மாதிரி அல்ல.)

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கு இது பெரிய அறை. ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கே ஒரு லிட்டர் ஹெக்ஸேன் முழுதும் ஆவியானால் கிடைப்பது 188 லிட்டர் ஆவி. காற்றில் பத்து லட்சத்துக்கு 6,600 பங்கு. அந்த ஒரு லிட்டரை 50 பங்கு அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய அதே மாதிரி 130 அறைகளின் காற்று வேண்டும். ஒரு மேஜை விசிறியைச் சுழலவிட்டால் வாடை குறைந்தது போலிருக்கும். ஆவி வெளியே போகாமல் அறைக்குள்ளேயே சுற்றும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரை ஓரத்தில் மாட்டுவதிலும் பெரிய பயனில்லை. கனமான ஆவி கீழே கிடக்கிறது, அதைக் கீழிருந்து இழுக்க வேண்டும்.

டெல்லியில் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலாளர்களிடம் இந்த நரம்பு நோயைக் கண்ட மருத்துவர்கள் 2007-ல் அதை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். மை நீர்க்கச் செய்யவும், சட்டத்தில் கட்டிய வலையைத் துடைக்கவும் பயன்படும் கரைப்பானே காரணம். இதுபோன்ற பட்டறைகள் நாடு முழுவதும் சந்து சந்தாக இருக்கின்றன: கல்யாணப் பத்திரிகை, பனியன், துணிப் பை, ஸ்டிக்கர். கரைப்பான் வருவது 'தின்னர்' என்ற பெயரில், செருப்புக் கடையில் 'சொல்யூஷன்' என்ற பெயரில். டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கும் வழக்கம் இல்லை. விலை, உலரும் வேகம் இரண்டும்தான் கேள்வி.

அரசாங்கத்துக்கு ஹெக்ஸேன் தெரியாத பொருள் அல்ல. 1967-லேயே மத்திய அரசு சால்வென்ட் எண்ணெய்க் கட்டுப்பாட்டு ஆணை போட்டு, எண்ணெய் எடுக்க எந்தத் தரத்து ஹெக்ஸேன் வேண்டும் என்று வரையறுத்தது. 2000-ல் இன்னொரு ஆணை வந்தது, கரைப்பான்களைப் பெட்ரோலில் கலந்து விற்பதைத் தடுக்க. (நார்மல் ஹெக்ஸேனின் ஆக்டேன் எண் வெறும் 25. கலந்தவருக்கு லாபம், எஞ்சினுக்கு 'டொக் டொக்'.) ஆக, எண்ணெய் வாங்குபவருக்கு ஒரு சட்டம், பெட்ரோல் வாங்குபவருக்கு ஒரு சட்டம். துடைப்பவரின் மூச்சுக்கு?

அதற்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தொழிற்சாலையாக இருந்தால். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. அபாயமான தொழில் என்று அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் சட்டத்தைப் பாய்ச்சலாம் என்ற வழியும் உண்டு. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் மாடிப்படி அடியறையை யார் எட்டிப்பார்ப்பது? ஹெக்ஸேன் ஆபத்து பெரிய ஆலையைவிட இங்கேதான் அதிகம். எண்ணெய் ஆலை ஹெக்ஸேனைக் குழாய்க்குள் அடைத்து வைக்கிறது. அது வெளியேறினால் காசு நஷ்டம் என்பதால் காவலும் போடுகிறது. பட்டறையில் ஹெக்ஸேன் வெளியேறுவதுதான் வேலையே. உலர்ந்துவிட்டது என்றால் அறைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மாற்று இல்லையா? இருக்கிறது. பசையிலும் மையிலும் ஹெப்டேன் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். விலை கூடுதல், உலரக் கொஞ்சம் தாமதமாகும். நார்மல் ஹெக்ஸேனைப் பிரித்தெடுத்துவிட்ட ஐசோஹெக்ஸேன் கலவையும் உண்டு. எண்ணெய் எடுப்பதற்கு, பயிர்க் கழிவிலிருந்து தயாரிக்கும் 2-மெத்தில்ஆக்ஸோலேன் என்ற கரைப்பானை ஐரோப்பிய யூனியன் 2023-ல் அனுமதித்தது. மாற்றும்போது மட்டும் நிதானம் தேவை. கலிஃபோர்னியாவில் 1990-களில் கார் பிரேக் துடைக்கும் ஸ்பிரேக்களிலிருந்து குளோரின் கரைப்பான்களை நீக்கியபோது அந்த இடத்துக்கு வந்தது ஹெக்ஸேனும் அசிட்டோனும். அசிட்டோன் சேர்ந்தால் ஹெக்ஸேனின் நரம்பு விஷம் இன்னும் வீரியமாகும். 1999-2000-ல் அங்கே மெக்கானிக்குகளுக்குக் கால் மரத்தது. ஆப்பிள் நிறுவனம் 2014 ஆகஸ்டில் தன் இறுதிக் கட்ட அசெம்பிளியில் பென்ஸீனையும் நார்மல் ஹெக்ஸேனையும் தடை செய்தது. அதற்கு முந்தைய கட்டங்களில், உதிரி பாகங்கள் தயாராகும் இடங்களில், அளவு வரம்போடு அனுமதி நீடித்தது.

இந்த நோயை உறுதி செய்வது கஷ்டமில்லை. வேலை முடியும் நேரத்தில் எடுத்த சிறுநீரில் 2,5-ஹெக்ஸேன்டையோன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் அந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமே. கால் மரத்து வருபவருக்கு முதலில் சர்க்கரை பார்க்கிறார்கள், பிறகு வைட்டமின் ஊசி. 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்ற கேள்வி சீட்டில் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது: கூலி. எதைத் தொட்டு, எந்த அறையில், ஜன்னல் உண்டா என்று அதற்கு மேல் போவது அபூர்வம். ஊசி போட்டுக்கொண்டு அவர் திரும்பிப் போவது அதே அறைக்குத்தான்.

காரணம் தெரிந்து வேலையை நிறுத்தினாலும் நோய் உடனே நிற்பதில்லை. ஏற்கனவே பின்னிக்கொண்ட புரதங்கள் நரம்பு வழியே நகர்ந்துகொண்டிருப்பதால் இரண்டு மூன்று மாதங்கள் மேலும் மோசமாகும். நிறுத்தியும் கூடுகிறதே என்று பலர் நம்பிக்கை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு புதிய நரம்பு இழை மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளர்கிறது. முழங்காலிலிருந்து பாதத்துக்கு அது போய்ச் சேர ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். அதுவரை அவர் செருப்பு போட்டிருக்கிறாரா, கழன்று விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.